பையன் வர்றானுங்க

டிசம்பர் 18, வியாழன்

மார்கழி பிறந்தாலே என் முழங்கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அருங்காட்சியகப் படியேறும்போது 'முருகா' என்று முனகினேன். பின்னாலேயே வந்த மிருணாளினிக்குக் கேட்டுவிட்டது. "லிஃப்ட் ஒண்ணு போடணும் சாந்தாம்மா" என்றாள். போன மார்கழியிலும் இதையேதான் சொன்னாள். எங்கள் டிரஸ்டி அவள். என் மகனைவிடச் சின்னவள். நேரில் மேடம், நோட்டில் அவள்.

அவளுக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. அவளுக்கு யோசனை உதித்தால் எனக்கு இடுப்பு ஒடியும். நான் அங்கே மேனேஜர், அதாவது சாவியிலிருந்து சாக்கடை அடைப்பு வரைக்கும். அவளுடைய கொள்ளுத் தாத்தா கோவையில் மில் நடத்தியவர், பஞ்சு வாங்கக் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தவர். பஞ்சோடு முகமூடி, மத்தளம், மரப்பொம்மை என்று எதையெதையோ கட்டிக்கொண்டு வந்தார். மில் மூடியாயிற்று, பங்களா அருங்காட்சியகமாயிற்று, அந்தச் சாமான்கள் பின்கூடத்தில் தூசி தின்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் முகமூடியைப் பார்த்துப் 'பேய், பேய்' என்று கத்திவிட்டுப் போவார்கள். இப்போது ஜனவரி கடைசிச் சனிக்கிழமை அந்தக் கூடத்தில் 'ஆப்பிரிக்கக் கலை மாலை' நடத்த வேண்டுமாம். பாட்டு, மேளம், சுண்டல். டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம். ஊரில் இன்னும் இரண்டு அருங்காட்சியகங்கள் அன்றைக்கு இதேபோல் இலவசமாகத் திறக்கின்றனவாம்.

"உங்க வீட்டு மாடியில ஒரு ஆப்பிரிக்கப் பொண்ணு இருக்கில்ல? அதையும் ஃபிரெண்ட்ஸையும் பாட வெச்சிருங்க."

வெச்சிருங்க. ஊறுகாய் பாட்டிலை அலமாரியில் வைப்பதுபோல.

சாயங்காலம் ரெஹேமாவிடம் சொன்னேன். குதித்துக்கொண்டு சம்மதித்தாள். டான்சானியாக்காரி, ஏரிக்கரை ஊர். இங்கே பருத்தி நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மாடிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் கணவர் போனபிறகு வீட்டில் ஒரு காலடிச் சத்தமாவது கேட்கட்டும் என்றுதான் மாடியை வாடகைக்கு விட்டேன்.

மகன் பிரகதீஷ் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை. டல்லாஸில் கிறிஸ்துமஸ் நேரம், வேலை அதிகமாக இருக்கும்.

டிசம்பர் 21, ஞாயிறு

மதியம் கண் அசந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து அண்ணன் வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் வீதிச் சங்கத்துக்குச் செயலாளர். கூடவே எதிர்வீட்டுத் தெய்வானை அக்கா. மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். இன்றைக்கு வாயைத் திறக்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங் அம்மிணி. மாடியில இருக்கற அந்தப் புள்ள..."

"என்ன பண்ணுச்சுங்ணா?"

"பண்ணுச்சுன்னு இல்லீங். ஞாயித்துக்கெழமையானா நாலஞ்சு பேரு வர்றாங்க, கொட்டறாங்க, பாடறாங்க. கருவாட்டு வாசம் வேற. நம்ம வீதிக்குச் சரிப்பட்டு வராதுங். தெய்வானை மகளைப் பாக்கறதுக்குத் தை மாசம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. எதுத்த வீட்டுல இதைப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

தெய்வானை அக்கா வீட்டுக் கருவாட்டுக் குழம்பை இந்த வீதியே மோந்திருக்கிறது. சொல்ல வாய் வந்தது, முழுங்கிவிட்டேன்.

"மார்கழியில யாருங்ணா வீடு மாறுவாங்க?" என்றேன். நல்லவேளை, மார்கழி இருந்தது.

"சரிங், தை பொறக்கட்டும். ஜனவரி கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிருங். நேராச் சொல்லச் சங்கடமா இருந்தா, பையன் வர்றான், வீடு வேணும்னு சொல்லுங். முடிஞ்சுது."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? தனியாக இருக்கிற பொம்பளை. ஒரு ஆத்திர அவசரத்துக்கு இந்த வீதியை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நாச்சிமுத்து அண்ணன்தான். கொள்ளி வைத்ததும் அண்ணன் மகன்தான். பிரகதீஷுக்கு டிக்கெட் கிடைத்தது மூன்றாம் நாள்.

டிசம்பர் 24, புதன்

இன்று சொல்லிவிடலாம் என்று மாடிப்படி வரைக்கும் போனேன். முழங்கால் வலி, திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ரெஹேமா என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலா சொல்வது என்றால், வேறு எந்த நேரத்தில் அவள் ஓரிடத்தில் உட்காருகிறாள்?

"என்ற பையன் வர்றான் கண்ணு. மாடி வேணும். ஜனவரிக் கடைசிக்குள்ள நீ வேற எடம் பாத்துக்கறயா?"

இந்த ஊரில் இதை யாரிடம் சொன்னாலும் முகம் ஒரு நொடி சுருங்கும், 'சரிங்க' என்பார்கள், மறுநாளே வீடு தேடக் கிளம்பிவிடுவார்கள். யார் பையன், எப்போது வருகிறான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை. நாங்கள் கல்யாணமான புதிதில் குடியிருந்த வீட்டுக்காரர், மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று சொல்லி எங்களைக் கிளப்பினார். அந்த மகளுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. நாங்களும் 'நல்லபடியா ஆகட்டுமுங்' என்று சொல்லிவிட்டு வண்டி பேசப் போனோம்.

ரெஹேமா தைலப் புட்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், நாக்கைச் சுழற்றி, நம் பக்கத்துக் குலவையேதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பிரகதீஷ் அண்ணன் வர்றாங்களா! அம்மா! எத்தனை வருஷம் அப்புறம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கையெல்லாம் தைலம், என் சேலையெல்லாம் தைலம். "நான் போறேன் அம்மா. மகன் வந்தா வீடு குடுக்கணும். உடனே பாக்கறேன்."

சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். எதற்கென்று எழுத அலுப்பாக இருக்கிறது.

ஜனவரி 1, வியாழன்

பிரகதீஷிடமிருந்து வாட்ஸப்பில் புத்தாண்டு வாழ்த்து. வாணவேடிக்கைப் படம். மேலே 'ஃபார்வர்டட்' என்று போட்டிருந்தது. இருந்தாலும் ஞாபகமாக அனுப்பியிருக்கிறான்.

ரெஹேமாவுக்கு வாய் ஓயவில்லை. அண்ணனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? அரிசிம்பருப்புச் சாதம் என்றேன். என்ன கலர் பிடிக்கும்? நீலம் என்றேன். எந்தத் தேதி? மாசக் கடைசி என்றேன். "நானும் ஏர்போர்ட் வர்றேன், பெட்டி தூக்கறேன்." டாக்ஸியில் வந்துவிடுவான், வேண்டாம் என்றேன். பெட்டி நிறைய இருக்குமே என்றாள். நிறைய இருக்காது என்றேன்.

ஒரு பொய்க்கு இத்தனை பராமரிப்பு வேலை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 7, புதன்

அருங்காட்சியகத்தில் ஒத்திகை. ரெஹேமாவும் அவளுடைய கூட்டாளிகள் நாலு பேரும் வந்தார்கள். பின்கூடத்துக் கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் ரெஹேமா ரொம்ப நேரம் நின்றாள். உள்ளே ஒரு பழைய மத்தளம்.

"இது எங்க ஊர்ப் பக்கம் அம்மா. எப்ப வந்துச்சு?"

"மேடத்தோட கொள்ளுத் தாத்தா காலத்துல."

"திரும்பிப் போகவே இல்லையா?"

இல்லை என்றேன். மிருணாளினி அந்தப் பக்கமாக வந்து, பெட்டியைத் திறக்கக் கூடாது, அவர்களுடைய மத்தளத்தையே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். அறுபது நாற்காலி கேட்டால் வாடகைக் கடைக்காரன் நாற்பதுதான் இருக்கிறது என்கிறான். சுண்டலுக்குக் கறுப்புக் கடலையா வெள்ளைக் கடலையா என்று இன்னும் முடிவாகவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

ரெஹேமா காலையிலிருந்து வீடு தேடி அலைந்துவிட்டு வந்தாள். போனில் பேசும்போது வாங்க வாங்க என்கிறார்களாம். நேரில் போய் நின்றதும் பேச்சு மாறுகிறதாம்.

"அம்மா, இந்த ஊர்ல எல்லா வீட்டுக்கும் பையன் வர்றான்."

நான் மோர் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"போன வீட்டுல எல்லாம் அதான் சொன்னாங்க. பையன் வர்றான், வீடு வேணும். ஒரு வீட்டுல கதவைத் திறந்ததே பையன்தான். அவனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அவங்க அம்மா சொல்றாங்க, பையன் வர்றான்னு. அவனும் ஆமா ஆமாங்கறான்."

வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். மோர் டம்ளரை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வெயிலில் அலைந்த களைப்பு. அதனால்தான் முகம் அப்படி வாடிவிட்டது.

ஜனவரி 14, புதன்

போகி. வீதியெல்லாம் பழைய பாய் எரிகிற புகை. என் வீட்டில் எரிக்க ஒன்றுமில்லை, அவருடைய வேட்டிகளைப் போன வருஷமே கொடுத்துவிட்டேன்.

மாடியில் என்னமோ உருட்டுகிற சத்தம். ஒவ்வொரு படியாக ஏறிப் போய்ப் பார்த்தால், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ரெஹேமா சுவருக்குச் சாயம் அடிக்கிறாள். நீலம். முகத்திலும் ஒரு தீற்றல்.

"எதுக்குக் கண்ணு இதெல்லாம்? நீதான் போகப் போறயே."

"அண்ணனுக்கு நீலம் பிடிக்கும்னு சொன்னீங்க. எப்ப வந்தாலும் ரெடியா இருக்கட்டும்."

மாசக் கடைசி என்று தேதியே சொல்லியிருந்தேன். மறந்துவிட்டாள் போலிருக்கிறது. வாளியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஓய்ந்துபோயிற்று.

ஜனவரி 22, வியாழன்

அழைப்பிதழ் கொடுக்கப் போன இடத்தில் நாச்சிமுத்து அண்ணன், "வீதியே வருதுங். சுண்டல் உண்டுங்களா?" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "அந்தப் புள்ள எப்பங்?" என்றார். ஒன்றாம் தேதி என்றேன். ஊருக்கு வெளியே ஏதோ தோட்டத்துச் சாளை வீட்டில் தோழிகளோடு ஒண்டிக்கொள்கிறாளாம். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். "பாட்டுக்குப் பொறவு போவட்டுமுங், அவசரமில்லை" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஜனவரி 31, சனி

கால் வீங்கியிருக்கிறது. கடைசியில் கறுப்புக் கடலைதான். நாளைக்குக் காலையில் அவள் கிளம்புகிறாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். மருதமலைக்குப் போகத் தெம்பில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

இலவசம் என்றால் ஊர் இப்படித் திரளும் என்று மிருணாளினி எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தேன். பின்கூடத்து வாசலில் ஒரே செருப்புக் குவியல், கோயிலுக்குள் போவதுபோல் கழற்றிப் போட்டுவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவதி ஒரு முகமூடியின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். மரப்பொம்மையின் காலடியில் சாமந்திப்பூ, ஒரு ரூபாய்க் காசு. "சாந்தாம்மா, ஐயோ, அது நூறு வருஷத்துப் பொருள்!" என்று மிருணாளினி அலறினாள். பேய் சாமியானது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டே பூவை எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

பாட்டு தொடங்கியபோது பின்வரிசையில் பையன்கள் கெக்கலித்தார்கள். மேளம் சூடுபிடித்ததும் அடங்கிவிட்டார்கள். தெய்வானை அக்கா தொடையில் தாளம் போடுவதை நானே பார்த்தேன். ரெஹேமா மஞ்சள் துணி கட்டியிருந்தாள். இரண்டு வருஷம் என் வீட்டில் தண்ணீர் கேன் தூக்கியவள் இவள்தானா என்றிருந்தது.

நாலைந்து பாட்டு முடிந்ததும் மைக்கை எடுத்துத் தமிழில் பேசினாள்.

"எங்க வீட்டு அம்மாவுக்கு ஒரு பையன். அமெரிக்கால இருக்கார். வந்து ஆறு வருஷம் ஆச்சு. அடுத்த பாட்டு மகனுக்காக அம்மா கூப்பிடற பாட்டு. அம்மா, வாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நாச்சிமுத்து அண்ணன் மட்டும் சுண்டல் பொட்டலத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. மிருணாளினியே வந்து என் கையைப் பிடித்து எழுப்பினாள். மேடையில் ஒரு நாற்காலி, திறந்த கதவு வழியே கேட்டைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன்.

ரெஹேமா ஒரு வரி பாடினாள், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. சட்டென்று மேளம் நின்றது. மைக்கை என் வாயருகே பிடித்து, "இப்ப பேர் சொல்லிக் கூப்பிடணும் அம்மா" என்றாள்.

"பிரகதீஷ்" என்றேன். ரேஷன் கடையில் பெயர் கொடுப்பதுபோல் இருந்தது.

"வெளியே கேக்கணும் அம்மா."

சின்ன வயசில் அவன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டு இருட்டினாலும் வரமாட்டான். வாசலில் நின்று கூப்பிடுவேன், மூன்று வீதிக்குக் கேட்கும். அந்தக் குரல் எனக்குள்ளே இன்னும் இருக்கிறது என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

"பிரகதீசூ! வாடா சாமீ! போதும், வாடா!"

கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஒதுங்கி வழி விட்டான். ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குலவை கிளம்பியது. தெய்வானை அக்கா. கன்னமெல்லாம் கண்ணீர், ஆனாலும் நிறுத்தவில்லை. பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், மேடையில் இவர்கள் அவர்கள் ஊர்க் குலவையைப் போட்டார்கள். எது யாருடையது என்று தெரியவில்லை. நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

கூட்டம் கலைந்தபிறகு பின்படியில் உட்கார்ந்து நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன். ரெஹேமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் வரலை கண்ணு."

"தெரியும் அம்மா."

"எப்பருந்து?"

"எல்லா வீட்டுக்கும் பையன் வந்தான்ல, அன்னிக்கு."

"தெரிஞ்சுமா சுவத்துக்கு நீலம் அடிச்சே? தெரிஞ்சுமா என்னை மேடையேத்தினே?"

கோபமாகத்தான் கேட்டேன். அவள் என் முழங்காலில் கையை வைத்தாள்.

"இந்தப் பாட்டு வர்ற மகனுக்கு இல்ல அம்மா, வராத மகனுக்கு. எங்க அண்ணன் சுரங்க வேலைக்குத் தெற்குப் பக்கம் போனான். எங்க அம்மா வருஷா வருஷம் ரோட்டைப் பாத்து நாற்காலி போட்டு உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. நாங்க பாடுவோம்."

"வந்தானா?"

"இன்னும் இல்ல. ஆனா கூப்பிட்ட அன்னிக்கு அம்மாக்கு நல்லாத் தூக்கம் வரும்."

மிச்சச் சுண்டலை இரண்டு பேரும் தின்றோம்.

நேற்று நன்றாகத் தூங்கினேன். காலையில் மாடியில் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். ஏறிப் போனேன். "எல்லாத்தையும் அவுத்து வை" என்றேன். வீதிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள்.

பிப்ரவரி 2, திங்கள்

விடிந்ததும் நாச்சிமுத்து அண்ணன் கேட்டில் நின்றார்.

"ஏனுங் அம்மிணி, மாடியில இன்னும் துணி காயுதுங்."

"ஆமாங்ணா."

"ஒண்ணாந்தேதி காலின்னு சொன்னீங்களே?"

"பையன் வர்றான், வீடு வேணும்னுதானுங்ணா சொன்னேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். அவன் வரட்டுமுங். வந்த அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்."

அவர் கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வாசலில் தெய்வானை அக்கா கூட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள்.

"எப்பங் வருவான்?" என்றார், மெதுவாக.

"வரமாட்டானுங்ணா."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். சங்கத்தில் என்ன பேசுவார்களோ, நாளைக்கு எனக்கு ஒன்றென்றால் இந்த வீதி வருமோ வராதோ. யோசிக்க அலுப்பாக இருந்தது, போய் உலை வைத்தேன்.

அரிசிம்பருப்பு செய்து ரெஹேமாவைக் கூப்பிட்டேன். மாடியிலேயே தின்னலாம் என்று தட்டோடு என்னையும் மேலே இழுத்துக்கொண்டு போனாள். சாயம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சன்னல் பக்கம் ஒரு இடத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது, அது நான் வாளி பிடித்த நேரம்.

"அண்ணனுக்கு நிஜமா நீலம் பிடிக்குமா அம்மா?"

தெரியாது கண்ணு, எனக்குப் பிடிக்கும் என்றேன்.